முந்தியது யார் கை

“நான் உங்க கையத்தானுங்க தம்பி பாத்துட்டு இருக்கறேன்.”

எங்கள் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிற அண்ணன் இதைச் சொன்னபோது நான் கிடாரைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். கோபத்தில்தான். ஒரே பாட்டை மூன்றாவது முறையாக நிறுத்தியிருந்தோம். மூன்று முறையும் கோரஸ் வந்ததும் வேகம் ஏறிவிட்டது. “அண்ணா, ஓடுதுங்க, கொஞ்சம் இழுத்துப் புடிங்க” என்றதற்கு இந்தப் பதில். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கீழே லேத் பட்டறையில் யாரோ இரும்பு கடைந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் மட்டும்தான்.

பாட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் என்கிற ராக் பேண்டின் ‘ஹாங்கி டாங்க் விமன்’. 1969இல் வந்த அந்த ரெக்கார்டையே கேட்டால் தெரியும், தொடங்குகிற வேகம் ஒன்று, முடிகிற வேகம் ஒன்று. எனக்கு இது அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டேன், ஏனென்றால் எங்களுக்கு வந்திருந்த வேலை அப்படி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆண்டு விழா. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் ஓடும் வீடியோவும் எங்கள் பாட்டும் ஒன்றாகப் போக வேண்டும். அதற்கு எல்லார் காதிலும் கிளிக் ஓட வேண்டும், வேகம் மாறாமல் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருக்கும் தாளச் சத்தம். டிக், டிக், டிக். அதை விட்டு இரண்டு நொடி முந்தினால் திரையும் பாட்டும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

அண்ணனுக்குக் கிளிக் ஆகாது. காதில் மாட்டிய ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கத்தைக் கழற்றித் தொங்கவிட்டுவிடுவார்.

அவர் ஈரோட்டுப் பக்கம். சின்ன வயதில் கோயில் நோம்பிகளில் ஜமாப் மேளம் அடித்தவர், அப்புறம் பல வருடம் மெல்லிசைக்குழுவில். ராக் பாட்டெல்லாம் எங்களிடம் வந்த பிறகுதான். முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம் மேல் சென்னிமலைத் துண்டு ஒன்றை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வார். ரிங்கோ ஸ்டார் பீட்டில்ஸின் கடைசி வருடங்களில் டிரம்ஸ் மேல் துணி போட்டு வாசித்ததை நான் படத்தில் காட்டியபோது, “அவருக்கும் பக்கத்து வீட்டுல சண்டைக்கு வந்தாங்களாட்ட” என்றார். இன்னொன்று, ஸ்னேரில் அடி விழுகிற நேரத்தில் அவருடைய வலது கை ஹை-ஹேட் என்கிற ஜோடித் தட்டைத் தொடாமல் ஒரு கணம் மேலே எழும்பி நிற்கும். ஸ்டோன்ஸின் டிரம்மர் சார்லி வாட்ஸ் அப்படித்தான் வாசிப்பார். முதல் நாள் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்ணா உளுந்தா ஸ்னேர் அமுங்கிருதுங்களே” என்றார், இதிலென்ன கேள்வி என்பது போல.

வாட்ஸ் ஜாஸிலிருந்து வந்தவர். மற்ற பேண்டுகளில் கிடார்காரர்கள் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு போவார்கள், ஸ்டோன்ஸில் வாட்ஸ் கீத் ரிச்சர்ட்ஸின் கிடாரைப் பிடித்துக்கொண்டு போவார் என்பார்கள். இதை நானே எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் எதிரில் ஒருத்தர் உட்கார்ந்து அதையே சொன்னபோது எனக்குச் சாக்காகப் பட்டது. வெள்ளைக்காரர் செய்தால் ஃபீல், நம்ம ஊர்க்காரர் செய்தால் தாளம் ஓடுகிறது. எனக்குள் அப்படி இல்லை என்று சொல்லத்தான் ஆசை. அவரே பெங்களூரிலிருந்து பச்சை குத்திய கையோடு வந்திருந்தால் அதே குரலில் பேசியிருப்பேனா?

சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. ஐந்து பேர் சம்பளம் அதில் இருக்கிறது. 1962இல் ரிங்கோவையே நம்பாமல், பீட்டில்ஸின் முதல் சிங்கிளுக்கு ஆண்டி ஒயிட் என்கிற ஸ்டுடியோ டிரம்மரை உட்காரவைத்து, ரிங்கோ கையில் டாம்பரினைக் கொடுத்தார்கள். வேலை என்றால் அப்படித்தான். இதையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் அண்ணனுக்குப் போன் போட்டேன். “இந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் வேற பையனப் போட்டுக்கறோமுங்ணா.” இந்த ஒன்று மட்டும் என்பது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். “சரிங்க தம்பி. பாத்துப் பண்ணுங்க” என்றார்.

பையன் நல்ல பையன். கிளிக்கை விட்டு முடியளவு நகரவில்லை. திருப்பூரில் எல்லாம் கச்சிதமாக முடிந்தது, பாக்கிப் பணம் அன்றைக்கே வந்தது. திரும்பி வரும் வழியில் அவிநாசி தாண்டி ஒரு கடையில் டீ குடிக்கும்போது எங்கள் பாஸ் கிடார் வாசிப்பவன், “எல்லாம் கரெக்டா இருந்துச்சுல்ல” என்றான். பாராட்டா, குறையா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. தி ஹூ பேண்டின் டிரம்மர் கீத் மூன் 1978இல் இறந்தபின் அவர் இடத்துக்குக் கென்னி ஜோன்ஸ் வந்தார். அருமையான டிரம்மர். ஆனால் மூனின் பேயாட்டத்துக்குப் பழகிய பேண்டில் அந்த நேரான வாசிப்பு ஒட்டவில்லை என்பது அதன் பாடகர் ரோஜர் டால்ட்ரியின் குறை. லெட் செப்பலின் பேண்ட் அந்த வம்பே வேண்டாமென்று, அவர்கள் டிரம்மர் பான்ஹம் இறந்த 1980ஆம் வருடமே டிசம்பரில் கடையை மூடிவிட்டது. எங்களுக்கு அப்படி மூட முடியுமா? மாதம் மூன்று கச்சேரி வந்தால்தான் அறை வாடகை.

ஒரு மாதம் கழித்து போனில் இடம் காலி செய்யும்போது அந்தப் பிராக்டிஸ் ரெக்கார்டிங் கிடைத்தது. அழிக்கும் முன் கேட்டேன். கோரஸ் வருகிற இடம். ஹெட்போனில் திரும்பத் திரும்ப, ஒரு பத்து முறையாவது ஓட்டியிருப்பேன். என் கிடார் முதலில் விழுகிறது. காலால் அடிக்கும் அவருடைய கிக் டிரம் ஒரு இம்மி பின்னால் வருகிறது. அடுத்த சுற்றில் நான் இன்னும் கொஞ்சம் முந்த, அவரும் வந்து சேர்ந்துகொள்கிறார். மூன்று டேக்கிலும் இதே கதை. வள்ளி கும்மிக்கு அடிப்பவர் ஆடுகிறவர்களின் காலைப் பார்ப்பது போல, அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சொல்லவும் சொன்னார்.

அதற்காக அவர்மேல் தப்பே இல்லை என்றும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏசி/டிசி பேண்டில் ஃபில் ரட் என்கிற டிரம்மர் வாசித்திருக்கிறார், கிடார் எங்கே போனாலும் அசைய மாட்டார். முந்துகிறவனைப் பிடித்து நிறுத்துவதும் டிரம்மர் வேலைதானே. ஆனால் அப்படி நிறுத்தியிருந்தால் அன்றைக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்? இழுக்கிறார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கிளிக் வேண்டாத ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிட்டேன். காங்கேயம் பக்கம் கும்மி அரங்கேற்றம் இருக்கிறது என்றார். இருந்திருக்கலாம். ரெக்கார்டிங் விஷயத்தைச் சொல்ல வாய் வரை வந்தது. “சரிங்ணா, அடுத்த தடவ பாக்கலாம்” என்று வைத்துவிட்டேன்.

போன வாரம் பிராக்டிஸில் பையன் பாதியில் நிறுத்தினான். “அண்ணா, கோரஸ்ல நீங்க முந்தறீங்க.” யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதில் கிளிக் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடச் சொன்னேன்.