செகண்ட் ஹேண்ட் க்ரூசர்: இன்ஜினுக்கு முன் முதுகைக் கேளுங்கள்

பழைய க்ரூசர் பைக் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பதில்தான் தொடங்குகிறார்கள். சொகுசுக்காக வாங்குபவருக்கு அது இரண்டாவது வேலை. இன்ஜினை ஆஃப் செய்தபடியே கால் மணி நேரம் வண்டியில் உட்காருங்கள்.

க்ரூசரில் கால் முன்னால் நீளும். அதனால் உடல் எடை காலுக்கு வராமல் நேராக வால் எலும்பில் இறங்குகிறது. பஜாஜ் அவெஞ்சர் 220-இன் சீட் உயரம் 737 மி.மீ. குள்ளமானவர்களும் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றலாம். ஆனால் ஃபுட்ரெஸ்ட் நன்றாக முன்னால் இருப்பதால் வேகத்தடையில் எழுந்து நிற்க முடியாது, அடி முழுவதும் முதுகெலும்புக்குப் போகும். முதுகில் டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களுக்கு நான் அவெஞ்சரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-இல் சீட் 765 மி.மீ., கால் அவ்வளவு நீள வேண்டியதில்லை. 2020 நவம்பரில் வந்த வண்டி என்பதால் செகண்ட் ஹேண்டிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய தண்டர்பேர்டு 350-இல் 2012-க்குப் பிறகு வந்தவற்றுக்கு 20 லிட்டர் டேங்க். நீண்ட பயணத்துக்கு அருமை, ஆனால் ஸ்போக் வீலும் டியூப் டயரும் உள்ள வண்டியில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். 2018-இல் வந்த தண்டர்பேர்டு எக்ஸ் மாடலிலும் மீட்டியாரிலும் அலாய் வீல், டியூப்லெஸ் டயர்.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை வலிக்கும். சீட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள்; அடித்தகடு தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது. இதற்காக வண்டியைத் தள்ளிவிட வேண்டாம், சீட் கடையில் புது ஃபோம் போட்டுக்கொள்ளலாம்.

சஸ்பென்ஷன்தான் முக்கியம். வண்டியின் பின்பக்கத்தை அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பரில் டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் திறன்) போய்விட்டது. முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை (முன்சக்கரத்தின் இருபக்க சஸ்பென்ஷன் குழாய்கள்) அழுத்திப் பாருங்கள். குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. அதே குழாயில் துருப்புள்ளிகளும் இருந்தால் கவனம்: புது சீல் போட்டாலும் அந்தப் புள்ளிகள் அதைக் கிழித்துவிடும், குழாயையே மாற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் சிக்குகிறதா? கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) காலி. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் தேய்ந்திருக்கிறது.

இனி இன்ஜின். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டிங் தொந்தரவை மறைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். தண்டர்பேர்டின் யு.சி.இ. (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் உள்ள) இன்ஜினில் ஹைட்ராலிக் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் வகை. சூடான பிறகும் டிக்டிக் சத்தம் நிற்காமல், "டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணினா சரியாயிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள், அதில் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமே கிடையாது. செல்ஃப் அடிக்கும்போது மோட்டார் மட்டும் சுற்றி, கரகரவென்று சத்தம் வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பலவீனமான பேட்டரியோடு திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பதுதான் வழக்கமான காரணம். மல்டிமீட்டர் கொண்டுபோங்கள்: ஆஃப் நிலையில் பேட்டரி 12.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது 13.8 முதல் 14.5 வரை. அதற்கு மேலே ஏறினால், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள்.

2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான மீட்டியார் வண்டிகளை இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) கோளாறுக்காக நிறுவனம் ரீகால் செய்தது, அதாவது சோதிக்கத் திரும்ப அழைத்தது. அந்த மாதங்களில் தயாரான வண்டி என்றால் சேசிஸ் எண்ணைச் சொல்லி, சோதனை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் 2321 என்றிருந்தால் 2021-இன் 23-ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயருக்குப் பட்டன் (தரையில் படும் மேல்ரப்பர்) எவ்வளவு இருந்தாலும் விலையில் கழியுங்கள்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையின்மைச் சான்று) கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டிக்கு அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி.க்கான படிவம் 28-உம், கூடவே இங்கே சாலை வரியும். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.