இன்சிக்னியாவுக்குக் ‘கள்’ வேண்டாம்

குன்னூரிலிருந்து ராணுவ ஊரான வெலிங்டன் பக்கம் போனால் அதிகாரிகளின் தோள்பட்டை நட்சத்திரங்கள் கண்ணில் படாமல் இருக்காது. அவற்றை ஆங்கிலத்தில் ‘இன்சிக்னியா’ என்பார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் பலர் ‘இன்சிக்னியாக்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான்.

லத்தீனில் ‘சிக்னும்’ என்றால் குறி. ‘இன்சிக்னிஸ்’ என்றால் குறியால் தனித்துத் தெரிகிற என்று பொருள். அதிலிருந்து வந்த ஒருமைப் பெயர் ‘இன்சிக்னே’, பன்மை ‘இன்சிக்னியா’. ஆகவே ‘கள்’ போட்டால், ‘டேட்டாக்கள்’ மாதிரி, பன்மைக்கு மேல் பன்மை. ஆங்கிலக்காரர்களே இப்போது ஒற்றை பேட்ஜையும் இன்சிக்னியா என்றுதான் சொல்கிறார்கள். ‘இன்சிக்னே’ என்று சரியாக எழுதினால் அச்சுப்பிழை என்று யாராவது திருத்திவிடுவார்கள்! கப்பல் கொடிக்குச் சொல்லும் ‘என்சைன்’கூட இதே சொல் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததுதான்.

பேட்ஜ் என்பது குத்திக்கொள்கிற, தைத்துக்கொள்கிற பொருள். இன்சிக்னியா அதைவிட அகலம். ரோமானிய அதிகாரிக்கு முன்னால் தூக்கிப்போன, கோடரி செருகிய பிரம்புக் கட்டும், அவர் உட்கார்ந்த தந்த நாற்காலியும் அதில் அடங்கும். செங்கோலும் அப்படியே.

தமிழில் இடம் பார்த்துச் சொல் போட வேண்டும். தோளில் இருப்பது ‘பதவிச் சின்னம்’, தொப்பியில் இருப்பது ‘படைப்பிரிவுச் சின்னம்’, காகிதத்தில் பதிவது ‘இலச்சினை’. சிக்னும் என்ற வேருக்கு மிக நெருக்கம் நம் ‘பொறி’: சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். ‘பதக்கம்’ மட்டும் கூடவே கூடாது. பதக்கம் செய்த காரியத்துக்கு, சின்னம் வகிக்கும் பதவிக்கு.

தரைப்படைத் தோளைப் படிப்பதிலும் ஒரு தப்பு வழக்கமாக நடக்கும்: நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவது. மூன்று நட்சத்திரம் கேப்டன். மேஜருக்கு நட்சத்திரமே கிடையாது, சிங்கமுகச் சின்னம் மட்டும். சிங்கத்தோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டு சேர்ந்தால் கர்னல், மூன்று சேர்ந்தால் பிரிகேடியர். சிங்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு எண்ணுங்கள். இல்லாவிட்டால் கேப்டனை கர்னலுக்கு மேலே உட்கார வைத்துவிடுவீர்கள்.

வெலிங்டனில் படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜின் சின்னத்தில் இருப்பது ஆந்தை. நமக்கு அபசகுனம், ரோமானியருக்கோ அறிவுத் தெய்வம் மினர்வாவின் பறவை. அங்கேயே மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு யானை. 1803-இல் மராத்தியரோடு நடந்த அசாயே போரில் நின்ற மதராஸ் படைகளுக்குக் கிடைத்த மரியாதை அது. அந்தப் போரை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். யானையும் ஊர்ப்பெயரும் ஒரே போர்க்களத்து ஆளோடு சேர்ந்தவை.