தங்கியவர்களும் கிளம்பியவர்களும்: ஆன் ஆர்பர் நாட்குறிப்பு, 2023–24

நவம்பர் 10, 2023, வெள்ளி

மதியத்துக்கு மேல் செய்தி வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) அணியின் கோச் ஜிம் ஹார்பாவுக்கு, நம் அணி ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென் மூன்று ஆட்டத் தடை போட்டுவிட்டது. நாளை பென் ஸ்டேட்டுடன் அவர்கள் ஊரிலேயே ஆட்டம், அணியோ பயணத்தில் இருக்கிறது. அடுத்த நகர்வை வீரர்களுக்குச் சொல்ல எதிரணிகள் காட்டும் சைகைகளைப் படம்பிடிக்க அவர்களுடைய ஆட்டங்களுக்கு நேரில் ஆள் அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்படி நேரில் போய் வேவு பார்ப்பது 1994 முதலே விதிப்படி தடை. தனக்குத் தெரியாது என்கிறார் ஹார்பா. விதியை மீறியிருந்தால் விசாரிக்கட்டும், தண்டிக்கட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் களத்தில் தலையால் முட்டி, தோளால் தள்ளி ஒவ்வொரு யார்டையும் பிடிக்கிற பையன்களின் உழைப்பைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இரவு பல்கலைக்கழகத்தின் கிரைஸ்லர் அரங்கில் கூடைப்பந்து. யங்ஸ்டவுன் ஸ்டேட்டை 92-62 என்று அடித்தோம். தலைமைக் கோச் ஜுவான் ஹாவர்டுக்கு செப்டம்பரில் இதய அறுவை சிகிச்சை நடந்ததால் உதவிக் கோச் ஃபில் மார்டெல்லி அணியைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு ஆட்டம், இரண்டு வெற்றி. பந்தை வேகமாகக் கைமாற்றி ஆடுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 11, சனி

24-15. ஜெயித்துவிட்டோம்!

இப்படி ஓர் ஆட்டத்தை இந்தக் காலத்தில் யாரும் ஆடுவதில்லை. தொடர்ந்து 32 முறை பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டார்கள். இரண்டாம் பாதி முழுக்க முன்னால் எறிந்த ஒரு பாஸ்கூடக் கணக்கில் ஏறவில்லை. ஜே.ஜே. மெக்கார்த்தி மாதிரி ஒரு குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வைத்துக்கொண்டு இதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். ஓடப்போகிறோம் என்று எதிரணிக்கும் தெரியும், அரங்கில் இருந்த ஒரு லட்சம் பேருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. இதற்குச் சைகை திருட வேண்டிய அவசியமே இல்லை.

ஹார்பா இடத்தில் நின்றவர் உதவிக் கோச் ஷெரோன் மூர். ஆட்டம் முடிந்ததும் மைக் முன்னால் உடைந்து அழுதார். வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கியது.

நவம்பர் 18, சனி

மேரிலாண்டை 31-24. மிச்சிகனின் ஆயிரமாவது வெற்றி இது. கல்லூரிக் கால்பந்தில் இந்த எண்ணிக்கையை முதலில் தொட்ட பல்கலைக்கழகம் நம்முடையதுதான். ஆட்டம் அவ்வளவு சுத்தமாக இல்லை, மனம் அடுத்த சனிக்கிழமையிலேயே இருந்தது போல.

நேற்று இரவு கூடைப்பந்தில் கிரைஸ்லரில் லாங் பீச் ஸ்டேட்டிடம் 94-86 என்று தோற்றதை எழுதாமல் விடக்கூடாது. திங்களன்று நியூயார்க்கில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பெயர்பெற்ற கோச் ரிக் பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸை 89-73 என்று வென்ற அதே அணி. கூடை போடுவதில் குறை இல்லை. தடுப்புதான் ஓட்டை. சொந்த அரங்கில் 94 புள்ளி விட்டுக்கொடுக்கிற அணி ஜனவரியில் பிக் டென் ஆட்டங்களில் என்ன செய்யப்போகிறதோ என்று கவலையாக இருக்கிறது.

நவம்பர் 25, சனி

கை இன்னும் நடுங்குகிறது. ஒஹையோ ஸ்டேட்டை 30-24.

இரண்டு அணியும் 11-0 (11 வெற்றி, தோல்வியே இல்லை) என்று வந்து நின்ற ஆட்டம். அரங்கின் கொள்ளளவு 1,07,601, அதற்கும் மேலே கூட்டம். மூன்றாம் கால்பகுதியில் 17-17 என்று சமமாக இருந்தபோது முன்வரிசையில் எதிரணியைத் தடுத்து வழிவிடும் கார்டு ஸாக் ஸின்டர் கீழே விழுந்தார். கால் உடைந்துவிட்டது. வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை மைதானமே பேச்சில்லாமல் நின்றது. அதற்கு அடுத்த ஓட்டம், அடுத்ததே, பந்தோடு ஓடும் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்குள் புகுந்து டச்டவுன். எல்லைக்குள் போனதும் விரல்களால் ஆறு, ஐந்து என்று காட்டினார். 65 ஸின்டரின் எண். கடைசி நிமிடத்தில் ஒஹையோ ஸ்டேட் முன்னேறி வந்துகொண்டிருந்தது, ராட் மூர் பந்தைப் பறித்தார், முடிந்தது.

இதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. கோரம் போன நவம்பரில் முழங்காலில் அடிபட்டு சீசனை இழந்தவர். அந்த சீசன் முடிந்ததுமே தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல்லுக்குப் போயிருக்கலாம். ஸின்டரும் போயிருக்கலாம், ட்ரெவர் கீகனும் கார்னீலியஸ் ஜான்சனும் போயிருக்கலாம். 2022 கடைசி நாளில் டிசியூவிடம் (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 51-45 என்று தோற்ற அந்தத் தேசியப் பட்ட அரையிறுதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்னொரு வருடம் ஆடுவோம் என்று திரும்பி வந்தார்கள். 2021க்குப் பிறகு மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானதும், அதற்கு ரசிகர்களும் பணம் திரட்டிக் கொடுத்ததும் உதவியிருக்கும். அதில் தவறு ஏதும் இல்லை. பல வருடம் ஒன்றாக அடி வாங்கியவர்கள் ஒருவருக்காக ஒருவர் ஓடுவது வேறு ரகம்.

1969இல் போ ஷெம்பெக்லர் கால்பந்துக் கோச்சாக இங்கே வந்தபோது பயிற்சி கடுமை தாங்காமல் பலர் ஓடினார்கள். தங்கி நிற்பவர்களே சாம்பியன் ஆவார்கள் என்று பலகை எழுதி மாட்டினார் அவர். அந்த வருடமே முதலிடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை 24-12 என்று கவிழ்த்தார்கள். அந்த வாசகத்தை இங்கே பனியன், கோப்பை என்று எல்லாவற்றிலும் அச்சடித்து விற்கிறார்கள். இன்று அது களத்தில் நின்றது.

கொலம்பஸில் இருக்கும் மச்சான் இரவு போன் செய்தார். "சரி மாப்பிள்ளை, மூணு வருஷமா நீங்கதான். ஒத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷன். ஒஹையோ ஸ்டேட் ரசிகருக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 2, சனி

இண்டியானாபொலிஸில் அயோவாவை 26-0. தொடர்ந்து மூன்றாவது பிக் டென் பட்டம். அயோவாவின் தாக்குதல் அவ்வளவு மோசம் என்பதால் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. தடை முடிந்து ஹார்பா திரும்பிவிட்டார்.

கூடைப்பந்து அணி ஆரிகனில் ஓவர்டைமில் தோற்றது.

டிசம்பர் 19, செவ்வாய்

கூடைப்பந்தில் புளோரிடாவிடம் 106-101 என்று தோல்வி, இரண்டு ஓவர்டைம். கடைசி சில நிமிடங்களில் ஆட்டத்தை மூடத் தெரியாமல் தவிக்கிறார்கள். ஹாவர்டு திரும்பி வந்திருக்கிறார், அவர் உடல்நலம்தான் முதலில்.

இரவு தூக்கம் வராமல் யோசித்தேன். போன வருட அணியில் அதிகம் புள்ளி எடுத்த மூன்று பேரும் இப்போது இல்லை. ஹண்டர் டிக்கின்சன் கன்சாஸ் போய்விட்டார். ஜெட் ஹாவர்டும் கோபி பஃப்கினும் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏவின் வீரர் தேர்வில் முதல் சுற்றிலேயே போனார்கள். நார்த் கரோலினாவிலிருந்து வருவதாக இருந்த கேலப் லவ் இங்கே சேர முடியாமல் அரிசோனா போனார். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை, இருபது வயதுப் பையன் தன் வாழ்க்கையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மிஞ்சியிருப்பது, வெவ்வேறு ஊரிலிருந்து வந்து ஒருவர் கையை ஒருவர் இன்னும் பழகாத ஒரு கூட்டம். ஆட்டம் இறுகும்போது யாரிடம் பந்து போக வேண்டும் என்பது பழக்கத்தில் வருவது. அதைக் கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது.

ஜனவரி 2, 2024, செவ்வாய்

நேற்று தேசிய அரையிறுதி, ரோஸ் பவுல். அலபாமாவை ஓவர்டைமில் 27-20.

கோச் நிக் சேபனின் அலபாமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஐந்து முறை குவாட்டர்பேக்கைப் பிடித்துத் தள்ளினோம். ஆனாலும் கடைசிக் கால்பகுதியில் 20-13 என்று பின்தங்கிவிட்டோம். ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, 75 யார்டு போக வேண்டும். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு எடுக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நான்காவது முயற்சி, இன்னும் இரண்டு யார்டு. அங்கே தவறியிருந்தால் சீசனே முடிந்திருக்கும். பந்து கோரமுக்கு வந்தது, பிடித்து ஓடினார். அப்புறம் ரோமன் வில்சன் டச்டவுன். சமன்.

முழு நேரம் முடியும் தறுவாயில் எதிரணி உதைத்து அனுப்பிய பந்தை (பன்ட்) பிடிக்கப் போன ஜேக் தா பந்தை நழுவவிட்டு, நம் எல்லைக் கோட்டுக்கு ஒரு யார்டில் விழுந்து காப்பாற்றினார். அந்த ஒரு நொடியில் இதயம் நின்று மறுபடி துடித்தது. ஓவர்டைமில் கோரம் 17 யார்டு ஓடினார். ஓடினார் என்பதைவிட, இடையில் இருவரைச் சுற்றி, ஒருவரைத் தாண்டி, யாராலும் நிறுத்த முடியாமல் போனார் என்று சொல்ல வேண்டும். பிறகு மூன்று யார்டு தூரத்தில் அலபாமாவின் கடைசி முயற்சி. ஜேலன் மில்ரோ நடுவில் பாய்ந்தார், நம் தடுப்பு அசையவில்லை.

கூடைப்பந்து அணி வெள்ளியன்று மெக்நீஸிடம் 87-76 என்று தோற்றது.

ஜனவரி 9, செவ்வாய்

தேசிய சாம்பியன்கள். ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13. 15-0.

டோனவன் எட்வர்ட்ஸ் முதல் கால்பகுதியிலேயே 41 யார்டு, 46 யார்டு என்று இரண்டு டச்டவுன். சீசன் முழுக்க அவருக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை, இந்த ராத்திரிக்காக அத்தனையும் சேர்த்து வைத்திருந்தார் போல. நடுவில் ஆட்டம் இழுத்தது. கடைசியில் கோரம் இரண்டு. 134 யார்டு, இந்த சீசனில் 27 டச்டவுன், பல்கலைக்கழகச் சாதனை.

எனக்கு அதிகம் பிடித்தது மைக் சைன்ரிஸ்டில் பந்தைப் பறித்து 81 யார்டு திருப்பி ஓடியது. ஹெய்ட்டியில் பிறந்த பையன். மூன்று சீசன் பந்து பிடிக்கும் ரிசீவராக ஆடியவரை 2022இல் தடுப்புக்கு மாற்றினார்கள். புது இடம், புது வேலை, முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். வேறு கல்லூரிக்குப் போக வழி திறந்திருந்த காலம் அது. அவர் போகவில்லை.

1997 பட்டத்தை நெப்ராஸ்காவுடன் பங்கு போட்டுக்கொண்டோம். முழுதாக நமக்கே என்று கடைசியாகக் கிடைத்தது 1948இல்.

ஜனவரி 15, திங்கள்

சனியன்று குளிரில் ஊர்வலம், மாலையில் விழா. விழா நடந்தது கிரைஸ்லர் அரங்கில், கூடைப்பந்துக்காரர்களின் வீட்டில். இன்று மார்ட்டின் லூதர் கிங் நாள், அதே அரங்கில் கூடைப்பந்து அணி ஒஹையோ ஸ்டேட்டை 73-65 என்று வென்றது. அதற்கு முன் வரிசையாகத் தோல்வி. டக் மெக்டேனியலுக்குப் படிப்பு விஷயத்தில் ஆறு வெளியூர் ஆட்டங்களுக்குத் தடை, ஊரில் மட்டும் ஆடுகிறார். குழந்தைகள் கத்திய கத்தலில் இன்று காது அடைத்துப்போனது. இந்த அணிக்கு இந்த ஒரு மாலை கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 26, வெள்ளி

ஹார்பா என்எஃப்எல் அணியான சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். இன்று ஷெரோன் மூர் தலைமைக் கோச்.

1989 நினைவுக்கு வருகிறது. கூடைப்பந்துக் கோச் பில் ஃப்ரீடர் என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரிப் போட்டிகளுக்குச் சற்று முன்பு அரிசோனா ஸ்டேட் வேலையை ஒப்புக்கொண்டார். அப்போது விளையாட்டுத் துறைக்குத் தலைவராக இருந்த ஷெம்பெக்லர், மிச்சிகனை மிச்சிகன்காரன்தான் நடத்துவான் என்று அவரை அனுப்பிவிட்டு உதவிக் கோச் ஸ்டீவ் ஃபிஷரை நிறுத்தினார். ஃபிஷர் பட்டத்தோடு திரும்பினார். கிளென் ரைஸ் அந்தத் தொடரில் 184 புள்ளி எடுத்தார். இறுதி ஆட்டம் ஓவர்டைமில் 80-79. கூடைப்பந்தில் நமக்கு இதுவரை அது ஒன்றுதான். அதனால்தான் மூர் மேல் எனக்கு நம்பிக்கை. அவரிடம் திரும்பி வரப்போகும் வீரர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

மார்ச் 15, வெள்ளி

புதன்கிழமை கூடைப்பந்தில் மினியாபொலிஸில் பென் ஸ்டேட்டிடம் 66-57 என்று தோல்வி. சீசன் முடிந்தது. எட்டு வெற்றி, 24 தோல்வி. மிச்சிகன் வரலாற்றில் ஒரே சீசனில் இத்தனை தோல்வி இதற்கு முன் இல்லை. பிப்ரவரி 7இல் விஸ்கான்சினை வென்றதுதான் கடைசி, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இன்று ஜுவான் ஹாவர்டை நீக்கிவிட்டார்கள்.

முடிவு சரிதான். ஆனால் மனம் கனக்கிறது. பதினெட்டு வயதில் ஒன்றாக இங்கே ஆட வந்த ஐந்து பேரான ஃபேப் ஃபைவில் ஒருவர் அவர். 1992, 1993 என்று அடுத்தடுத்து இறுதி ஆட்டம் வரை அழைத்துப் போனவர்கள். 2019இல் ஜான் பீலைன் இடத்துக்கு வந்தபோது செய்தியாளர் கூட்டத்தில் அழுதாரே, அந்த அன்பு உண்மை. 2021இல் பிக் டென் பட்டம் வாங்கிக் கொடுத்தார், ஆண்டின் சிறந்த கோச் ஆனார், யூசிஎல்ஏவிடம் 51-49 என்று தோற்று தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளான இறுதி நால்வரை இரண்டு புள்ளியில் தவறவிட்டார்.

அந்த 2021 அணியில் ஐசாயா லிவர்ஸும் எலை புரூக்ஸும் பீலைன் காலத்திலிருந்தே தங்கியவர்கள். வருடா வருடம் ஆள் மாற மாற அந்தப் பழக்கம் கரைந்தது. பக்கத்துக் கட்டடத்தில் கால்பந்து இதற்கு நேர் எதிராக நடந்தது. 2020இல் 2-4 என்று முடித்து, ஹார்பாவின் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தும், அவரும் தங்கினார், வீரர்களும் தங்கினார்கள். அதற்குப் பின் மூன்றாவது சீசனில் 15-0.

மார்ச் 24, ஞாயிறு

புதுக் கோச் டஸ்டி மே. புளோரிடா அட்லாண்டிக் என்ற, பலர் கேள்விப்படாத பல்கலைக்கழகத்தை 2023இல் இறுதி நால்வருக்குக் கொண்டுபோனவர், 35-4 என்ற கணக்கோடு. மாணவனாக இண்டியானாவில் பாப் நைட்டின் அணிக்கு மேனேஜர் வேலை பார்த்தவர், அடியிலிருந்து மேலே வந்தவர். அந்த வெற்றிக்குப் பிறகும் அவருடைய முக்கிய வீரர்கள் பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போகாமல் அவரோடே இருந்தார்கள். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வருவது அதனால்தான், 35 வெற்றியால் அல்ல.

நம் பழைய அணியில் யார் தங்குவார்கள் என்று தெரியவில்லை. வில் ஷெட்டர் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், கீழே விழுந்த பந்துக்கெல்லாம் பாய்கிற பையன். நிமாரி பர்னட்டும் இருந்தால் நல்லது. மற்ற இடத்துக்கு மே ஆள் கொண்டுவருவார். நவம்பரில் கிரைஸ்லரில் சீசன் டிக்கெட் எடுப்பதாக வீட்டில் சொல்லிவிட்டேன்.