மாம்பூவும் ஈக்களும்

பிப்ரவரி 9
விடியக்காலை ஐந்தரைக்குக் குயில் கூவியது. தை பிறந்ததிலிருந்து வாய் திறக்காதது, இன்று கூவலுக்குக் கூவல் குரலை ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தியது. அம்மா வாசல் தெளித்துக்கொண்டே, "பனி போயிடும்டா இனிமே" என்றாள். காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு இளவேனில் இப்படித்தான் வரும்.

பிப்ரவரி 14
பெங்களூரா ரக மாமரங்கள் முக்கால்வாசி பூத்துவிட்டன. ஒரு கொத்தை வளைத்துக் கண்ணருகே பிடித்தேன். நூற்றுக்கணக்கான பூக்கள், ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரும்பாலும் ஆண்பூ. நடுவில் பச்சை மணிபோல் சூல் இருக்கிற பூதான் காயாகும். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் கொசுத்தேனீ மூன்று வந்தன. மற்றதெல்லாம் ஈ! குப்பைமேட்டில் பார்க்கிற பச்சை ஈ, மஞ்சள் கோடு போட்டு அந்தரத்தில் நின்று பறக்கிற சின்ன ஈ. பச்சை ஈயின் வயிறெல்லாம் மகரந்தம். நாம் விரட்டுகிற ஈதான் மாமரத்துக்குப் பெரிய துணை.

பிப்ரவரி 15
பூச்சாற்றை உறிஞ்சுகிற தத்துப்பூச்சிக்கு அடிக்கணும் என்று பக்கத்துத் தோட்டத்து மாமா மருந்து டேங்கோடு வந்தார். கொத்தருகே போனால் தத்துப்பூச்சி சடசடவென்று இலைக்குத் தாவுகிறது, உண்மைதான். அடியிலைகளில் அதன் பிசுபிசுப்பு.

"பூ விரிஞ்சப்ப அடிச்சா ஈயும் செத்துடும் மாமா."

"ஈ செத்தா நல்லதுதானே மாப்ளே?"

போன வருசம் நான் அப்படித்தான் அடித்தேன். இரண்டு நாள் தோப்பில் ரீங்காரமே இல்லை. கொத்துக் கொத்தாகப் பூ காய்ந்து உதிர்ந்தது. அந்த அமைதி இன்னும் மனசை அறுக்கிறது. இந்த முறை, மொட்டு விரியாத ஐந்து மரங்களுக்கு மட்டும் சாயங்காலம் அடித்தோம். மாமா முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 23
ஏரிக்கரைக் கல்யாண முருங்கை இலையில்லாமல் சிவந்து நிற்கிறது. அதில் சோளக்குருவிக் கூட்டம். ஏப்ரலுக்குள் மத்திய ஆசியாவுக்குக் கிளம்பிவிடும்.

மார்ச் 11
காகம் புளியமரத்துக்குச் சுள்ளி சுமக்கிறது. புள்ளிபோட்ட பெண்குயில் இலைமறைவில் இருந்து அதையே பார்க்கிறது.

சிவப்பு நூல் கொத்தில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. ஆறு பிஞ்சு நிற்கிறது, பட்டாணி அளவில். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் இன்னொரு கொத்தை வளைத்து எண்ணத் தொடங்கினார்.