வீரனின் தொடை எலும்பு 3.6 கிராம் குறைந்தது எப்படி

வீரன் செத்து 6 வருடம் ஆகிறது. சிப்பிப்பாறை நாய், வெள்ளை. கோவில்பட்டி பக்கம் எங்கள் கரிசல் காட்டில், வேப்பமரத்தடியில் புதைத்திருந்தோம். இந்தச் சித்திரையில் தண்ணீர்க் குழாய் பதிக்க அந்த இடத்தில் தோண்டியபோது கடப்பாரை எதிலோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் அவனுடைய இடது முன்னங்கால் ஆர எலும்பு (முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருப்பது), நடுவில் இரண்டாக உடைந்து. அப்பா, "அந்தப் பக்கமா புதைச்சிருய்யா" என்றார். உடைந்த துண்டைக் கையில் வைத்திருந்தவனுக்கு அதைத் திரும்ப மண்ணில் போட மனம் வரவில்லை. உடைந்த இடத்தில் சுவர் தடிமனாக, நடுவில் சின்னக் குழல். வெளியே வட்டமாக இல்லாமல் முன்பின்னாகத் தட்டையாக, பக்கவாட்டில் அகன்றிருந்தது. இந்த ஒரு குச்சியை நம்பித்தான் அவன் அந்த ஓட்டம் ஓடியிருக்கிறான்.

மூன்று நாள் மண்ணைச் சலித்து, விரல் எலும்புகள் உட்படப் பெரும்பாலும் எடுத்துவிட்டேன். கரிசல் மண் காரத்தன்மை உள்ளது. அமில மண்ணைப் போல எலும்பைத் தின்றுவிடாது என்பதால் நல்ல நிலையில் கிடைத்தன. பல் தேய்க்கும் பிரஷ், வெறும் தண்ணீர், பத்து நாள் நிழல். அவ்வளவுதான் சுத்தம் செய்தது. காயவைத்தவற்றைக் கோணியில் வரிசையாக அடுக்கும்போது முதல் சிக்கல் வந்தது: தோள்பட்டை எலும்பை எங்கே மாட்டுவது? இடுப்பில் பந்தும் கிண்ணமும் இருக்கின்றன, பின்னங்கால் உட்கார்ந்துவிடுகிறது. முன்னங்காலுக்கு அப்படி எதுவும் இல்லை. நாய்க்குக் காறை எலும்பு, அதாவது கழுத்துப்பட்டை எலும்பு, பேருக்குத்தான். முன்னங்கால் உடம்போடு சேர்வது முழுக்கத் தசையால். நிற்கும்போது உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அத்தனையும் எலும்பு மூட்டு இல்லாமல், இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தசைத் தொட்டிலில் தொங்குகிறது.

இதைச் சோதிக்க இப்போது வீட்டில் இருக்கும் கன்னி இன நாய் செம்பியைக் குளியலறை எடைமெஷினில் நிற்க வைத்தேன். மொத்தம் 18.4 கிலோ. முன்கால் இரண்டையும் மெஷினிலும், பின்கால்களை அதே உயரப் பலகையிலும் வைத்தபோது 11.2 கிலோ. நிமிர்ந்து நேராகப் பார்க்கும்போதுதான் இந்தக் கணக்கு. தலையைக் குனிந்தால் முள் உடனே ஏறியது.

வீரனின் எலும்பு எவ்வளவு கெட்டி என்று அறிய அடர்த்தி பார்க்க நினைத்தேன். அதற்கு முன் ஆட்டு எலும்பில் பழகிக்கொண்டேன். கறிக்கடை பாயிடம் இரண்டு முன்னங்கால் வாங்கி, வேகவைத்துச் சதை எடுத்து, நடுத்துண்டையும் முனைத்துண்டையும் தனித்தனியாக அறுத்தேன். நகை நிறுக்கும் சின்னத் தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யம் செய்துவிட்டு, எலும்பை நூலில் கட்டி, அடியில் தொடாமல் மூழ்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம்தான், கன சென்டிமீட்டரில், எலும்பின் கன அளவு. முதல் தடவை உலர்ந்த எலும்பை அப்படியே விட்டதில் குமிழி குமிழியாகக் காற்று வந்து, எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. இரவு முழுக்க ஊறவைத்து, மேலே துடைத்து நிறுத்த பிறகே சரியானது. ஆட்டின் நடுத்துண்டு 18.6 கிராம், கன அளவு 9.5. அதாவது அடர்த்தி 1.96. பஞ்சு போன்ற முனைத்துண்டு 1.35.

அப்புறம் வீரனின் உடைந்த துண்டு. 1.89 வந்தது. ஓட்டத்துக்கென்றே வளர்த்த நாயின் எலும்பு இன்னும் கெட்டியாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லை. மண்ணில் கிடந்ததில் கொஞ்சம் போயிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், எலும்பின் சரக்கு ஆட்டுக்கும் நாய்க்கும் ஓநாய்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வலிமையின் பெரும்பகுதி வடிவத்தில் இருக்கிறது. உருண்டைக் கம்பியின் விட்டம் இரட்டித்தால் வளைவைத் தாங்கும் பலம் எட்டு மடங்காகும். அதனால்தான் கட்டிலிலிருந்து குதிக்கும் குட்டி இன நாய்களுக்கு ஆர எலும்பு மணிக்கட்டுப் பக்கம் அவ்வளவு எளிதாக முறிகிறது. எலும்பு மட்டமானது இல்லை, மெலிந்தது.

அடர்த்தி மாறும் இடமும் உண்டு. பந்தய கிரேஹவுண்டுகள் வட்டப் பாதையில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலேயே ஓடுகின்றன. வலது பின்னங்கால் எப்போதும் வெளிப்பக்கம். அந்தக் காலின் நடுக் கணுக்கால் எலும்பு இடதை விட அடர்த்தியாகிறது, முறிவதும் பெரும்பாலும் அதுவே. வளைவில் மனிதன் வேகத்தைக் குறைக்கிறான். கிரேஹவுண்டு குறைப்பதில்லை, 65 சதவீதம் கூடுதல் விசையைக் காலிலேயே வாங்கிக்கொள்கிறது என்று 2005-இல் அளந்திருக்கிறார்கள். வீரனுடைய அதே எலும்பை இரு பக்கமும் நிறுத்தேன்: 1.31, 1.33 கிராம். என் தராசுக்கு இரண்டும் ஒன்றே. அவன் காட்டில் இஷ்டப்பட்ட பக்கமெல்லாம் திரும்பி ஓடியவன்.

இதுவரை ஆர்வமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தொடை எலும்புகளை நிறுத்த அன்றுதான் கை நின்றுவிட்டது. இடது 45.2 கிராம். வலது 41.6. இரண்டும் 19.8 சென்டிமீட்டர் நீளம், நடுவில் சுற்றளவும் ஒன்றே. மண்ணின் வேலையோ என்று முன்கால் மேற்கை எலும்புகளை நிறுத்தேன். 40.3, 40.1. அங்கே வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் வலது தொடை உள்பக்கமாகக் கரைந்திருக்கிறது. இடுப்பெலும்பை எடுத்துப் பார்த்தேன். இடது கிண்ணம் ஆழமாக, வழவழவென்று இருந்தது. வலது கிண்ணத்தின் விளிம்பில் சொரசொரப்பாக எலும்பு முளைத்திருக்கிறது, பந்தின் தலை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது.

அருங்காட்சியகங்கள் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் முப்பரிமாண ஸ்கேன்களில் ஒரு ஓநாயின் இடுப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நரி, ஓநாய், செந்நாய் எலும்புகளை நாம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது, ஸ்கேன்தான் வழி. அந்த ஓநாயின் கிண்ணம் வீரனின் இடது கிண்ணத்தைப் போலவே இருந்தது. காட்டில் ஓட முடியாத இடுப்போடு வேட்டையாடிப் பிழைப்பது கடினம். வீட்டில் வலியோடும் வருடக்கணக்கில் வாழ முடிகிறது.

வீரனின் ஏழு வயதில் ஒரு பைக் அவன் வலப்பக்கம் மோதியது. இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தான், சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். கடைசி நான்கு வருடம் அவன் மெதுவாக எழுந்ததை வயது என்று சொல்லிக்கொண்டோம். அவனோ அந்த நாலு வருடமும் வலது காலில் எடை போடாமல் சமாளித்திருக்கிறான். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைக் கட்டிக்கொள்கிறது, சுமை போனால் கலைத்துக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இலேயே எழுதிவைத்தார். எனக்கு அது 3.6 கிராமாகக் கையில் கிடைத்தது. அவன் இருந்தபோதே பார்த்திருக்க வேண்டும்.

அதனால் இப்போது செம்பியைப் படம் எடுக்கிறேன். போனில் நொடிக்கு 240 பிரேம், தரையோடு தரையாக வைத்து, அவள் துள்ளுநடையில் குறுக்கே போகும்போது. முதலில் மூட்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டிக் கோணம் அளக்கப் பார்த்தேன். தோலுக்கு அடியில் எலும்பு வேறு பக்கம் நழுவுகிறது, தோளிலும் தொடையிலும் ஸ்டிக்கர் பொய் சொல்கிறது. ஜெர்மனியின் யெனா பல்கலைக்கழகத்தில் அதிவேக எக்ஸ்ரே வைத்துப் பார்த்தது இதனால்தான். தோள்பட்டை எலும்பே ஊசல் போல ஆடி, முன்கால் எடுத்துவைக்கும் காலடி நீளத்தில் பெரும்பங்கைத் தருகிறது என்று அங்கேதான் கண்டார்கள். என்னால் முடிவது பாதம் தரையில் இருக்கும் பிரேம்களை எண்ணுவது. வலிக்கும் கால் தரையைச் சீக்கிரம் விட்டுவிடும்.

ஆறு வாரமாக எண்ணுகிறேன். பத்து காலடிகளின் சராசரி. போன வாரம் பின்னங்கால் இடது 58 பிரேம், வலது 57. இந்த ஞாயிறு இரண்டும் 58.