என் லேப்டாப்பில் ஓடியது, லேபில் ஓடவில்லை

டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்) பிராக்டிகலுக்கு முந்தின இரவு வரை என் மினி புராஜெக்ட் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. வீட்டில் விண்டோஸ், அதில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். மறுநாள் டேட்டாபேஸ் முழுவதையும் நகலெடுத்த டம்ப் ஃபைலை பென் டிரைவில் கொண்டுபோய் லேபில் இருந்த உபுண்டு லினக்ஸில் ஏற்றினேன். புரோகிராமை ஓட்டினால் ‘ஸ்டூடன்ட்’ என்றொரு டேபிளே இல்லை என்கிறது. ‘ஷோ டேபிள்ஸ்’ கொடுத்துப் பார்த்தால் கண்ணெதிரே இருக்கிறது!

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் கவனித்தேன். பட்டியலில் இருப்பது சின்ன ‘எஸ்’, என் குவெரியில் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையில்) இருப்பது பெரிய ‘எஸ்’. விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்தாக்கித்தான் சேமிக்கும். தேடும்போதும் சின்ன, பெரிய எழுத்துப் பேதம் பார்க்காது. லினக்ஸில் பார்க்கும். கை நடுங்க ஒவ்வொரு குவெரியாகத் திருத்தி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது.

அதனால் முதல் நாளிலிருந்தே டேபிள் பெயர்களை முழுக்கச் சின்ன எழுத்தில் வையுங்கள். எழுத்துப் பேதம் பார்க்கும் செட்டிங்கை மாற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மைஎஸ்க்யூஎல் 8-இல் சர்வரை முதன்முதலில் அமைக்கும்போது மட்டுமே அதை மாற்ற முடியும்.

‘நேற்று போட்ட டேபிளைக் காணோம்’ என்று ஒரு தோழி அழாத குறையாக வந்தாள். அவள் கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல்லும் இருந்தது, எக்ஸாம்ப்பும் இருந்தது. எக்ஸாம்ப் என்பது வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்து வரும் தொகுப்பு; அதில் வருவது மைஎஸ்க்யூஎல்லைப் போன்ற மரியாடிபி. இரண்டுக்கும் வழக்கமான போர்ட் (சர்வரோடு இணையும் வாசல் எண்) 3306தான். எது முதலில் கிளம்புகிறதோ அதற்குத்தான் இடம். டேபிள் எங்கும் போகவில்லை, அவள் வேறு சர்வருக்குள் நுழைந்திருந்தாள். ஒன்றை நிறுத்துங்கள், அல்லது 3307-க்கு மாற்றுங்கள். உள்ளே போனதும் வெர்ஷனைக் கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லின் ரூட் (முழு உரிமையுள்ள யூசர்) பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால் பதற வேண்டாம். அங்கே ரூட்டுக்குப் பாஸ்வேர்டு பார்ப்பதில்லை, கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ போட்டு நுழைய வேண்டும். அப்புறம் புராஜெக்ட்டுக்கென்று தனி யூசர் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

டோக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) தெரிந்தவர்கள் லேபில் உள்ள அதே வெர்ஷனை வீட்டிலேயே ஓட்டலாம். அதுவும் லினக்ஸ் என்பதால் என் சிக்கல் அங்கேயே தெரிந்திருக்கும். டேட்டாவைத் தனியே சேமிக்கும் வால்யூமைப் பெயர் கொடுத்து இணைக்க மறந்தால், கன்டெய்னரை நீக்கிப் புதிதாகத் தொடங்கும்போது பழைய டேட்டா அதில் இருக்காது.

தேர்வுக்கு 2 நாள் முன்பு, டம்ப் ஃபைலுக்கு நகல் எடுத்துவைத்துவிட்டு, டேட்டாபேஸை முழுதாக அழித்து மறுபடி ஏற்றிப் பாருங்கள். முடிந்தால் நண்பரின் கம்ப்யூட்டரில்.