புல் பூக்குமா?

புல்லில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் முதலில் வரும் கேள்வி, "புல் பூக்குமா?" என்பதுதான். பூக்கும். மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோய்விடுவதால் வண்டுகளைக் கூப்பிட வண்ண இதழோ தேனோ அதற்குத் தேவையில்லை, அவ்வளவுதான். கதிர் விட்ட அருகம்புல்லைப் பத்து மடங்கு லென்ஸில் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு சிறுகதிரிலிருந்தும் மகரந்தத்தைப் பிடிக்கும் ஊதா நிறச் சூல்முடிகள் இரண்டு இறகு போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் மூன்று மகரந்தப் பைகள் மெல்லிய காம்பில் ஆடிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்த நாளில்தான் எனக்குப் புல் பிடித்துப்போனது.

கூடப் படித்தவர்கள் ஆர்க்கிட், மூலிகை என்று போனார்கள். புல்லை எடுத்தால் கண் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். உலகத்தில் 11,000க்கும் மேற்பட்ட புல்லினங்கள். பாதிக்கு மேல் ஒன்றைப் போலவே இன்னொன்று தெரியும். உமியின் நுனி பிளந்திருக்கிறதா, இலை தண்டைப் பிரியும் இடத்தில் இருப்பது சவ்வா மயிர்வரிசையா என்று பார்த்துத்தான் பெயர் சொல்ல முடியும். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றித் தாவரவியலாளர் கேம்பிள் எழுதிய பெரிய நூலிலும் புல் வருவது கடைசியில்தான். 1915இல் வெளிவரத் தொடங்கிய அந்த வேலை முடிவதற்குள், 1925இல், கேம்பிள் இறந்துவிட்டார். மீதியை ஃபிஷர் என்ற இன்னொரு தாவரவியலாளர் எழுதி 1936இல் முடித்தார். புல் பகுதியைப் பிரிக்கும்போதெல்லாம், இன்னொருவர் தொடங்கியதை இவ்வளவு பொறுமையாக முடித்துக்கொடுத்த அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

வேலையின் பெரும்பகுதி கோவை லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமித்திருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தின் அலமாரிகளுக்கு நடுவே போனது. பழைய ஷீட்டைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது செடியை அல்ல, லேபிளை. எந்த ஊர், எந்த மாதம், குளக்கரையா பாறையிடுக்கா, யார் எடுத்தது. லேபிள் இல்லாவிட்டால் அது வெறும் வைக்கோல். மாணவர்களிடம் இதில் மட்டும் நான் கண்டிப்பு. செடியைப் பிடுங்கிய இடத்திலேயே எழுத வேண்டும், பஸ் ஏறிய பிறகு அல்ல.

அப்புறம் ஊசிப்புல். ஆடு மேய்ப்பவர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது. கம்பளியில் ஏறி, தோலையும் குத்திவிடும். ஆனால் காய்ந்த விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருக்கும் அந்த நீண்ட பழுப்பு வால் மெதுவாகப் பிரிந்து சுழலும். காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இப்படி நனைந்தும் காய்ந்தும் சுழன்று சுழன்றே விதை மண்ணுக்குள் இறங்குகிறது. கூரான அடிநுனியில் பின்பக்கமாகச் சாய்ந்த மயிர்கள் இருப்பதால் இறங்கியது மேலே வராது. வகுப்பில் இதைச் செய்து காட்டினால் கடைசி பெஞ்சும் எழுந்து வரும்.

புல்லை அற்பம் என்பவர்களுக்கு நான் சொல்வது பேய்க்கரும்பின் கதை. 1912இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் அங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் ஆற்றோரத்தில் தானாக வளரும் அந்தக் காட்டுப்புல்லைக் கரும்போடு கலந்தார்கள். அதில் பிறந்த கோ 205 என்ற கரும்பு ரகம் வட இந்தியக் குளிரையும் தாங்கி வளர்ந்தது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930களில் அங்கேதான் கரும்பை மக்காச்சோளம் போன்ற வேறு புற்களோடு கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்கு வெளியே என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பாயும் துடைப்பமும் சேர்க்கிறேன். போகிற ஊர்ச் சந்தையில் எல்லாம் முதலில் அந்தக் கடையைத்தான் தேடுவேன். மலைப்பக்கத்துப் பூத்துடைப்பம், மானாவாரி நிலத்துப் புல்லில் கட்டிய தொடப்பம் என்று வீட்டில் ஒரு மூலை நிறைந்துவிட்டது. மகள், "அம்மா, பெருக்குவதற்கு எதை எடுக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவாள்.

பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு அக்காவோடு ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். பாய் நெய்யும் கோரை, புல் குடும்பமே இல்லை. பெரும்பாலான கோரைக்கு மூன்று பட்டையான தண்டு, புல்லுக்கு உருண்டையான தண்டு. நான் தண்டைக் குறுக்கே வெட்டி லென்ஸ் வைத்துப் பார்ப்பதை அவர் கட்டைவிரலில் ஒரு உருட்டு உருட்டிச் சொல்லிவிடுகிறார். முற்றியது எது, ஊறினால் மெல்லிசாகக் கிழிபடுவது எது என்பதும் அந்த விரலுக்குத் தெரியும். என்னுடைய கோரைக் குறிப்புகளில் அவர் சொன்னதைத் தனிப் பத்தியாக எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊரில் துடைப்பம் எந்தப் புல்லில் கட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். முடிந்தால் கதிரோடும் வேரோடும் ஒரு செடியைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, கனமான எதையாவது மேலே ஏற்றிக் காயவையுங்கள். தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். கூடவே ஊரும் தேதியும்.